மிருகங்களுக்கு அந்நிய பாஷை எதற்கு?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விழாக் குழுவினர் எம்மிடம் வந்து, "தம்பி, எல்லோரும் பாரமான விஷயங்களைப் பேசப் போகிறார்கள். நீர் கொஞ்சம் சிரிக்கத்தக்கதாக ஏதாவது பேசும்" என்று கேட்டார்கள். மிஷன் பாடசாலையிலே படித்து இப்பொழுது பல்கலைக்கழகத்திலே இருக்கிறவன் எதைப் பேசினாலும் சிரிப்பு வரும் என்று எண்ணினார்கள் போலும். நாமும் ஒப்புக்கொண்டு, மிருகங்கள் அந்நிய பாஷை கற்பதால் என்ன பயன் என்று தலைப்பு எழுதிக் கொடுத்தோம். செயலாளர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "மனிதர் கற்பதால் என்ன பயன் என்றல்லவா இருக்க வேண்டும்?" என்றார். "அப்படி வைத்தால் இந்த ஊரிலே வழக்கு வரும். மிருகம் என்றால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்" என்று சொல்லித் தப்பிக்கொண்டோம். ஆகவே மிருகங்களைப்பற்றியே பேசுவோம்.

சம்பூரிலே அந்நிய பாஷையில் முதன்முதல் சித்தியடைந்த பிராணி எதுவென்றால், நாய்தான். மாட்டுக்கு நாம் தமிழிலே பெயர் வைக்கிறோம்; செவலை என்கிறோம், வெள்ளைச்சி என்கிறோம். நாய்க்கு மாத்திரம் ரைகர், ஜிம்மி, ரொமி! ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதத் தெரியாத பெரியவர்கூட, படலையைத் திறந்து உள்ளே வரும்போது, "ரைகர், கம்! கம்!" என்பார். அது சோற்றுச் சட்டியை முகர்ந்தால் "நோ!" என்பார். அடுத்த நிமிஷம் மனைவியோடு நல்ல தமிழிலே சண்டை பிடிப்பார். வெள்ளைக்காரர் ஆட்சி 1948இல் முடிந்தது. திருகோணமலைத் துறைமுகத்திலே அவர்களுடைய கடற்படை 1957வரை இருந்தது, அதுவும் போயிற்று. நாயோடு ஆங்கிலம் பேசும் வழக்கம் மட்டும் போகவில்லை. எமது எண்ணம் என்னவென்றால், ஆங்கிலத்திலே கட்டளை கேட்டுக் கேட்டே பழகிய சனங்கள், தாங்களும் ஆங்கிலத்திலே கட்டளையிடுவதற்கு ஓர் ஆளைத் தேடினார்கள். நாயைத் தவிர வேறொருவரும் அகப்படவில்லை.

அமெரிக்காவிலே இந்தச் சங்கதி தலைகீழாக இருக்கிறது. அங்கே பொலிஸ் நாய்கள் பலவற்றை ஜெர்மனி, ஒல்லாந்து, செக் முதலிய நாடுகளிலிருந்து வாங்குகிறார்கள். அவை அங்கே பழகிய சொற்களை மாற்றுவது சிரமம் என்பதனால், பொலிஸ்காரர் ஜெர்மன் சொற்களையும் ஒல்லாந்தச் சொற்களையும் பாடமாக்கிக்கொள்ளுகிறார்கள். நாய்க்கு விளங்கும் பாஷையிலே பேசவேண்டியது உத்தியோகத்தனுடைய கடமை என்று கண்ட தேசம் அது. நம் நாட்டிலே இந்த உரிமையை வேண்டி எத்தனை மகஜர்கள்... சரி, மிருகங்களைப்பற்றி மாத்திரம் பேசுவதாகச் சொல்லியிருந்தோம்.

மெக்சிக்கோ தேசத்துப் பெண் ஒருவர், லோரா குவாயா என்ற ஆராய்ச்சியாளர், மேற்படிப்புக்காக ஹங்கேரிக்குப் போனபோது தமது நாயையும் கூட்டிக்கொண்டு போனார். அதன் பெயர் குன்-குன். மெக்சிக்கோவிலே ஸ்பானிய பாஷை கேட்டு வளர்ந்த பிராணி. புடாபெஸ்ட் நகரத்து வீதியிலே நடக்கும்போது, இந்தச் சனங்கள் வேறொரு பாஷை பேசுகிறார்கள் என்பது இதற்குத் தெரிகிறதா என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவரும் கூட்டாளிகளும் பதினெட்டு நாய்களை மூளைப் படம் பிடிக்கும் இயந்திரத்துக்குள்ளே அசையாமற் படுக்கப் பழக்கி, 'குட்டி இளவரசன்' என்ற கதையை ஸ்பானிய பாஷையிலும் ஹங்கேரிய பாஷையிலும் வாசித்துக் காட்டினார்கள். பழகிய பாஷைக்கும் பழகாத பாஷைக்கும் நாய்களின் மூளை வேறு வேறு விதமாக விழித்தது. வயது முதிர்ந்த நாய்களே இன்னும் நன்றாக வேறுபாடு கண்டன. முடிவுகள் 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலே வெளிவந்தன. பெரியோர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: பாஷை விஷயத்திலே வயது போய்விட்டது என்று சொல்லுவதற்கு நாய்க்குக்கூட இனி வழியில்லை.

பள்ளிக்கூடத்திலே எல்லோரும் கேட்ட ஒரு கதை உண்டு. தாய் எலி குஞ்சுகளோடு போகும்போது பூனை வழிமறித்ததாம். தாய் எலி நாயைப்போல ஒரு குரை குரைத்ததாம். பூனை ஓடியதாம். "இன்னொரு பாஷை தெரிந்திருப்பதன் பயனைப் பார்த்தீர்களா, மக்காள்!" என்றதாம் எலி. இது வாத்தியார்மார் பிள்ளைகளை ஆங்கில வகுப்பிலே இருத்துவதற்குக் கட்டிவிட்ட கதை என்றே நாம் நினைத்திருந்தோம். அல்ல. இந்த வித்தையைத் தொழிலாகவே நடத்தும் பிராணி ஒன்று உண்டு. அதுவும் நம் வேலிக் கதியாலிலே வந்து குந்தும் கரிக்குருவியின் சாதிதான்.

தென்னாபிரிக்காவிலே கலகாரி என்னும் வரண்ட பிரதேசத்திலே கரிக்குருவி ஒன்று வாழுகிறது. மீர்கட் என்னும் கீரி இனத்துச் சிறு பிராணி மண்ணைக் கிண்டிப் புழுவை எடுக்கும்வரை அது மேலே காத்திருக்கும். எடுத்தவுடனே, "கழுகு வருகிறது, ஓடு!" என்று பொருள்படும் அபாயக் குரலைக் கொடுக்கும். தன் குரலிலே அல்ல, அந்த மீர்கட்டின் குரலிலே! அது புழுவைப் போட்டுவிட்டுப் பொந்துக்குள்ளே பாயும். குருவி இறங்கித் தின்னும. ஒரே குரலைப் பலமுறை கேட்டு மற்றப் பிராணிகள் ஏமாறாமல் விட்டால், வேறோர் இனத்தின் அபாயக் குரலை எடுத்துவிடும். அதன் உணவிலே ஏறக்குறைய நாலிலொரு பங்கு இந்தக் களவினால் வருகிறதென்று 2014இல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. ஒரு பாஷை தெரிந்த கள்ளன் ஒரு தரந்தான் களவெடுப்பான். பல பாஷை தெரிந்தவனுக்குத் தினமும் விருந்து.

நம் நாட்டுச் சிங்கராஜ வனத்திலும் இதன் உறவினர் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் அங்கே ஆராய்ந்து, காட்டுக் கரிக்குருவி தனக்கு ஆபத்து வரும் வேளையிலே மற்றப் பறவைகளின் அபாயக் குரல்களையும் கலந்து கத்துகிறதென்று 2006இல் எழுதினார்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பறவையின் பேச்சு ஏற்றதென்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இந்த அறிவு மேடைப் பேச்சாளர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

களவெடுக்கக் கற்பவை இப்படி. கட்டாயத்தினால் கற்பவை வேறு வகை. அதற்கு ஓர் உதாரணம் எங்கள் கண்ணெதிரே கிடக்கும் கொட்டியாரக் குடாவிலேயே நடந்தது. ஆனால் கற்றது மிருகமல்ல, மனிதன். 1660ஆம் ஆண்டிலே, புயலில் அடிபட்ட கப்பலைத் திருத்த இந்தக் குடாவுக்கு வந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில வாலிபனைக் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் மலைநாட்டிலே சிறையிருந்தான். அவ்வளவு காலமும் சிங்களம் பேசிப் பேசி, தப்பிப் போய் இலங்கையைப்பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினான். பேசப் பழக்கத்தக்க பறவைகளைப்பற்றியும் அதிலே சொல்லியிருக்கிறான். தன்னைப் பிடித்து வைத்திருந்தவர்கள் பறவைகளையும் பிடித்துப் பேச வைப்பதைப் பார்த்தபோது அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நாம் யோசிப்பதுண்டு.

சிறைப்பட்டவனே விரைவிலே பாஷை படிக்கிறான். யானைகளின் சரித்திரம் முழுவதும் இதுதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி மன்னனுக்கு ஒரு யானைக் கன்று பரிசாக வந்ததாம். கிரேக்கம் பேசுவோர் மத்தியிலே வளர்ந்து, கிரேக்கத்திலே சொன்னதெல்லாம் அதற்கு விளங்கிற்றாம். அதற்கு முன்பு, யானைக்கு இந்தியருடைய பாஷை மாத்திரமே விளங்கும் என்று அந்தத் தேசத்தார் நம்பியிருந்தார்கள் என்று ஈலியன் என்ற பழைய ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். நம் நாட்டிலும் அண்மையிலே ஒரு சம்பவம். தாய்லாந்து 2001இல் இலங்கைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த யானைக்கு அங்கே பெயர் சக் சுரின். இங்கே முத்து ராஜா ஆயிற்று. தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே மாதிரி விளங்குகிற பெயர்களிலே ஒன்று அது. சரியாகப் பராமரிக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்து, 2023 ஜூலை 2ஆம் திகதி அதைப் பெரிய கூட்டிலே ஏற்றி ஆகாய விமானத்திலே திருப்பி அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருஷம் இங்கே கேட்ட சொற்களையெல்லாம் அந்தப் பிராணி எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்ததோ!

தென்கொரியாவிலே எவர்லான்ட் என்ற மிருகக்காட்சிச் சாலையிலே உள்ள கோசிக் என்ற யானையின் கதை இன்னும் ஒரு படி மேல். அது பாஷையைக் கேட்டதோடு நில்லாமற் பேசவும் செய்தது. தும்பிக்கை நுனியை வாய்க்குள்ளே விட்டு, குரலை மாற்றி, ஐந்து கொரியச் சொற்களைச் சொல்லும். 'அன்யோங்' என்றால் வணக்கம். 'அனியா' என்றால் இல்லை. 'நுவோ' என்றால் படு. 'சோஆ' என்றால் நல்லது. 'அஞ்சா' என்றால் உட்கார். நம்மவர் யாராவது அங்கே போய், பாரிய யானை ஒன்று "அஞ்சா" என்று சொல்லக் கேட்டால், அது அபயம் கொடுக்கிறதென்றே எண்ணிக் கும்பிடுவார்கள். ஆஞ்செலா ஸ்டோகர் முதலிய விஞ்ஞானிகள் 2012இல் இதைப் பரிசோதித்து, உண்மைதான் என்று எழுதினார்கள். ஏன் கற்றது? இளமையிலே ஏறக்குறைய ஏழு வருஷம் அந்த இடத்திலே வேறு யானையே இல்லை. மனிதர் மாத்திரமே துணை. தனிமை தாங்காமல், இருக்கிறவர்களோடு உறவு கொண்டாட அவர்களுடைய சத்தத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே அவர்கள் கண்ட காரணம். பிறநாட்டிலே முதல் வருஷத்தைக் கழித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த யானையைப்பற்றி அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இனிக் காட்டு யானைக்கு வருவோம். நமக்கு அதுதானே வீட்டுப் பிரச்சினை. இரவிலே வயலுக்குள்ளே யானை இறங்கினால் நாம் தமிழிலே கத்துகிறோம், தோப்பூர்ப் பக்கத்து முஸ்லிம் கமக்காரர் தங்கள் தமிழிலே கத்துகிறார்கள், வனசீவராசித் திணைக்களத்தார் வந்தால் சிங்களத்திலே கத்துகிறார்கள். யானை நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதிரைத் தின்னுகிறது. கடைசியிலே யானை வெடிதான் பொதுப் பாஷையாகிறது. 2019இல் மாத்திரம் இந்நாட்டிலே 400க்கு மேற்பட்ட யானைகளும் 120 பேரளவில் மனிதரும் மாண்டார்கள் என்பதை நினைத்தால், அது எவ்வளவு குறைபாடான பாஷை என்பது விளங்கும்.

ஆனால் யானைக்கு மனிதர் பாஷை விளங்காதென்று எண்ணவேண்டாம். கெனியா தேசத்து அம்போசெலி வனத்திலே, கரென் மக்கோம் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் ஒரு பரிசோதனை செய்தார்கள், 2014இல் வெளிவந்தது. அங்கே மசாய் என்னும் இடையர் உண்டு. தண்ணீருக்கும் புல்லுக்கும் நேரும் பிணக்கிலே அவர்கள் யானையை ஈட்டியால் எறிவதுண்டு. கம்பா என்னும் கமக்காரரும் உண்டு. அவர்களால் அவ்வளவு பயமில்லை. "அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது" என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு பாஷையிலும் பதிவு செய்து, புதருக்குள்ளே ஒலிபெருக்கி வைத்து யானைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். மசாய் ஆண்குரல் கேட்டதும் யானைகள் நெருங்கி ஒன்றுசேர்ந்து, தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்து, சத்தமில்லாமல் விலகின. கம்பாக் குரலுக்கு அவ்வளவு அச்சம் இல்லை. இதிலே எம்மை அதிசயிக்கச் செய்தது அடுத்த சங்கதி. அதே மசாய் பாஷையிலே பெண்ணொருத்தி பேசியபோதும், சிறு பையன் பேசியபோதும், யானைகள் அவ்வளவாகக் கலங்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் ஈட்டி எறிவதில்லை. அது அவைகளுக்குத் தெரியும்.

பெரியோர்களே, இதைப் படித்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை. 2006 ஏப்ரிலிலே இந்த ஊர் ஓடியபோது நாம் தாயின் இடுப்பிலிருந்த பிள்ளை, ஒன்றும் ஞாபகமில்லை. மட்டக்களப்புவரை போய், பிறகு கிளிவெட்டி முகாமிலே வளர்ந்தோம். அந்த முகாமிலே இருட்டிலே ஒரு குரல் கேட்டால், என்ன சொல்லுகிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எந்தப் பாஷை என்றே கேட்பார்கள். சிங்களம் என்றால் தாய்மார் நெருங்கி, பிள்ளைகளை நடுவிலே விட்டு, சத்தமில்லாமல் இருப்பார்கள். யானைகள் செய்ததைத்தான் நாமும் செய்தோம். சேருவிலைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலே, அதே காலத்தில், இருட்டிலே தமிழ்க் குரல் கேட்ட தாய்மாரும் இதையே செய்திருப்பார்கள். யானைகளுக்கும் எமக்கும் ஒரேயொரு வித்தியாசம்: யானைகள் பயத்தின் பாஷையை நுணுக்கமாகக் கற்றிருந்தன. எந்த வாய்க்குப் பயப்படவேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துக் கேட்டன. எமக்கு அந்தப் பாஷையிலே ஒரு சொல்லும் தெரியாதபடியால் எல்லாமே ஒரே சத்தமாகக் கேட்டது. வழி விசாரிக்கிறவனுக்கும் நடுங்கினோம்.

சிங்களம் கற்கமாட்டோம் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உத்தியோகத்தை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சபையிலே இருக்கக்கூடும். அவர்கள் பிழை செய்தார்கள் என்று சொல்ல எமக்கு வாய் வராது. சட்டம் போட்டு, பரீட்சை வைத்து, சம்பளத்தைப் பிடித்துவைத்து எந்த நாய்க்கும் ஒருவரும் பாஷை கற்பித்ததில்லை. மனிதருக்கு மாத்திரம் அப்படிச் செய்யலாமென்று சிலர் எண்ணினார்கள். 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று எழுதினார்கள். எழுதியது எழுதியபடி இருக்கிறது. கடிதங்கள் வேறு பாஷையிலே வருகின்றன. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் கோபம் ஒரு காதை அடைத்துக்கொண்டு இருக்கும்படி செய்கிறதென்பதையும், அந்தப் பெரியவர்களுக்கு முன்னால் சிறியவராகிய நாம் பணிவோடு சொல்லவேண்டியிருக்கிறது.

இனி, இலங்கைக்கு வந்து பேசிய பிராணிகளிலெல்லாம் தலைசிறந்தவரை விட்டுவிட்டுப் பேச்சை முடித்தால் இந்து வாலிபர் சங்கத்திலே எம்மை மன்னிக்கமாட்டீர்கள். சொல்லின் செல்வராகிய அநுமனைத்தான் சொல்லுகிறோம். சுந்தர காண்டம் பாராயணம் பண்ணும் பெரியோர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அசோக வனத்திலே மரத்தின்மேல் ஒளிந்திருந்து சீதாபிராட்டியைக் கண்டபின், அநுமன் உடனே குதித்துப் பேசிவிடவில்லை. எந்தப் பாஷையிலே பேசுவது என்று யோசித்ததாக வான்மீகி முனிவர் விரிவாகச் சொல்லுகிறார். சமஸ்கிருதத்திலே பேச அவருக்குத் தெரியும். ஆனால் பண்டிதர் பேசும் அந்தப் பாஷையிலே பேசினால், இராவணனே வந்துவிட்டான் என்று எண்ணிப் பிராட்டி அஞ்சுவாளே! ஏனென்றால் இராவணன் பேசுவது அது. ஆகையால் மனிதர் சாதாரணமாகப் பேசும் பேச்சிலே, அவள் அறிந்த கதையை மெல்ல எடுத்து, மரத்திலிருந்தபடியே சொல்லத் தொடங்கினார். பாஷை தெய்வ பாஷைதான். அதிலே ஒரு குற்றமும் இல்லை. இருந்தும் அதைப் பேசினவனுடைய கை அதிலே ஒட்டிக்கொண்டிருந்தது. மிஷன் பாடசாலையிலே இந்தக் கட்டத்தை எமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முகாமிலே அம்மம்மா சொன்னார்.

அந்த அம்மம்மாவின் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறோம். எங்கள் வளவு கடற்படை முகாமுக்குள் அகப்பட்டிருந்த காணி. 2016இல் விட்டார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வேப்பமரம் நின்றது. மரத்தடியிலே ஒரு செந்நிற நாய் படுத்திருந்தது. முகாம் இடம் மாறியபோது விடுபட்டுப்போன நாய். "இஞ்ச வா" என்றோம், அசையவில்லை. எங்களுக்குத் தெரிந்த நாய்ப் பாஷையாகிய ஆங்கிலத்திலே "கம், கம்" என்றோம், அதற்கும் அசையவில்லை. அம்மம்மாவுக்கு அதைக் கண்ணிலே காட்ட முடியாது. "அவங்கட நாய். துரத்துங்கடா" என்பார்.

மூன்றாம் நாள், அயல் வீட்டுக்காரி வேலியாலே எட்டி, "பெரியம்மா, தண்ணிப் பவுசர் வந்திற்று, வாங்க!" என்று கூப்பிட்டாள். அம்மம்மா குடத்தை எடுத்துக்கொண்டு, "இந்தா, வாறன்! வாறன்!" என்றார். மரத்தடியிலே கிடந்த நாய் துள்ளி எழும்பி ஓடிவந்து, அவருடைய காலடியிலே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அம்மம்மா குடத்தைப் போட்டுவிட்டார். அன்றைக்கு மாத்திரமல்ல, யார் கூப்பிட்டு அவர் "வாறன்" என்று சொன்னாலும் நாய் வந்து நிற்கும். இது ஏதோ செய்வினை என்று அவர் நம்பத் தொடங்கிய சமயத்திலே, மூதூரிலிருந்து மோட்டார்ச் சைக்கிளிலே மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி அதைப் பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். "அம்மா, சிங்களத்தில 'வரென்' எண்டா 'வா' எண்டு அர்த்தம். நாயை அவங்க அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க. நீங்க கூப்பிடுறீங்க எண்டு நினைச்சு அது வருது" என்றார்.

அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று பின்னேரம் சோற்றுப் பானையைக் கழுவி, மிஞ்சியதைச் சிரட்டையிலே போட்டு வைத்துவிட்டு, நாலு பக்கமும் பார்த்து, மெல்லிய குரலிலே "வாறன்" என்றார். அது வந்தது. அதன் பிறகு ஏழெட்டு வருஷம் அது எங்கள் வீட்டிலே இருந்தது. தமிழிலே 'வா' என்று அதற்கு ஒருவரும் பழக்கவில்லை, அம்மம்மா பழக்கவிடவில்லை. "அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் கூப்பிட்டா என்ன, என்ர வாய் தேஞ்சா போயிரும்?" என்பார்.

போன வருஷம் நாய் செத்துப்போயிற்று. அயலவர் கூப்பிட்டு, "இந்தா, வாறன்" என்று சொல்லும்போது, அம்மம்மா இன்றைக்கும் ஒருதரம் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்க்கிறார்.